பேட்லாக் தையல்

 

கறுப்பு அங்கிக்குள் வியர்த்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, பட்டம் வாங்கும் நாளில் டிராக் பேண்ட்டைப் பற்றிப் பேச ஒருத்தி வந்திருக்கிறாளே என்று சிரிக்காதீர்கள். ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை, அதிராம்பட்டினம் என்று டெல்டாவின் பல ஊர்களிலிருந்து பஸ் ஏறி வந்து படித்தவர்கள் நீங்கள். பள்ளியில் ஓட்டத்தில் முதலாவதாக வந்து, வயதுக்கு வந்ததும் ஓட்டத்தை நிறுத்தியவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்க வேண்டாம். இஸ்லாமிய மார்க்கம்தான் காரணம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்லிவிடுவார்கள். ஆனால் "வெயில்ல கறுத்துப் போயிடுவே", "இந்த உடம்பை வச்சுக்கிட்டு என்ன ஓட்டம்", "நாளைக்கு எவன் கட்டுவான்?" இவையெல்லாம் சாதி மதம் பார்க்காமல் எல்லா வீட்டுத் திண்ணையிலும் கேட்கிற பேச்சு.

எழுத்தில் தடையைத் தாண்டியவர்கள் உண்டு. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். 1938இல் அவருடைய 'காதலா? கடமையா?' நாவல் வந்தபோது, அதற்கு உ.வே.சாமிநாதையர் முன்னுரை எழுதிக் கொடுத்தார். துவரங்குறிச்சி சல்மாவுக்கும் வயதுக்கு வந்ததோடு படிப்பு நின்றது. கவிஞரானார், பேரூராட்சித் தலைவரானார், 2025இல் மாநிலங்களவைக்குப் போனார். எழுத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு காகிதம் போதும். மைதானத்துக்கு உடம்பையே கொண்டுபோக வேண்டும். கூச்சலும் அங்கேதான் அதிகம்.

அந்தக் கூச்சல் ஒரே திசையிலிருந்து வருவதில்லை. 2005இல் சானியா மிர்சாவின் பாவாடை குட்டை என்று ஒரு கூட்டம் கிளம்பியது. 2011இல் ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கு அம்மான் நகரம் போன ஈரான் பெண்கள் கால்பந்து அணியை, தலைத்துணியைக் காட்டி ஆடவிடாமல் நிறுத்தினார்கள். 2014இல்தான் அந்தத் துணி விதிக்குள் வந்தது. 2021இல் நார்வே நாட்டுக் கடற்கரை ஹேண்ட்பால் பெண்களுக்கு, பிகினிக்குப் பதிலாக அரைக்கால் சட்டை போட்ட குற்றத்துக்கு 1500 யூரோ அபராதம். கூட்டினாலும் குற்றம், குறைத்தாலும் குற்றம். இதையெல்லாம் கேட்டுக்கொண்டேதான் நிகத் ஜரீன் 2022இலும் 2023இலும் குத்துச்சண்டையில் உலகப் பட்டம் வென்றார்.

இப்போது கம்பெனிகளும் நம் பக்கம் வந்துவிட்டன. 2017இல் நைக்கி விளையாட்டு ஹிஜாப் விற்றது. கடைகளில் பருமனான பொம்மைகளும் நிற்கின்றன. நல்லதுதான், எனக்குப் புகார் இல்லை. ஆனால் ஒரு டிராக் பேண்ட்டை உள்பக்கம் புரட்டிப் பாருங்கள். தோலில் உரசாமல் தட்டையாக ஒரு தையல் ஓடும். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் அதற்குப் பேட்லாக் என்று பெயர். உங்கள் தொடை உரசக்கூடாது என்று அதைப் போட்டவள், பீஸ் ரேட்டுக்குக் குனிந்து முதுகு பிடித்துப்போனவளாக இருக்கலாம். ஆற்றில் தண்ணீர் வராத வருஷம் திருப்பூருக்கு ரயிலேறிய நம்மூர்ப் பெண்ணாகவும் இருக்கலாம். எல்லா உடம்பும் அழகு என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களின் கணக்கில் அவள் உடம்பு சேர்த்தியா, இல்லையா?

2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் கொல்லப்பட்டாள். கைதானவர் அவளுடைய சூப்பர்வைசர். பெண்கள் தலைமையில் நடக்கும் ஒரு தொழிற்சங்கம் விடாமல் நின்றதால், 2022 ஏப்ரலில், ஆலையில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலை அதை மீறினால், வாங்குகிற பிராண்டும் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்று அதில் இருந்தது. அதில் கையெழுத்திட்ட எச் அண்ட் எம்மின் சட்டைகள் சென்னை மால்களில் தொங்குகின்றன.

தண்ணீருக்கு வருகிறேன். வெள்ளியங்கிரியில் பிறக்கும் நொய்யல், திருப்பூர் வழியே போய் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. கல்லணைக்கு மேலே, கவனியுங்கள். அந்த நொய்யலின் குறுக்கே 1992இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவுதான் தேங்கியது. அணை கேட்ட விவசாயிகளே, அதன் தண்ணீர் வேண்டாம் என்றார்கள். ஆயக்கட்டுக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சுத்திகரித்து, ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாட்டோடுதான் பிறகு திறக்க வேண்டியிருந்தது. நம் பேண்ட்டின் நிறத்துக்கும் நம் சம்பா வயலுக்கும் நடுவே இருப்பது ஓர் ஆறுதான்.

முந்நூறு ரூபாய் பேண்ட் வாங்குகிறவளைக் குற்றவாளியாக்க நான் வரவில்லை. பிளாட்பாரத்தில் வாங்காமல் வளர்ந்தவர் யார்? திருப்பூர் காதர்பேட்டை சர்ப்ளஸ் சரக்கை வாங்குங்கள். ஏற்கெனவே தைத்து மிஞ்சியதுதானே. கிழிந்தால் தைத்துப் போடுங்கள். சம்பளம் வந்த பிறகு பெரிய பிராண்டு வாங்கினால், தைத்த ஆலை எது என்று கேட்டு எழுதுங்கள். சில கம்பெனிகள் ஆலைப் பட்டியலை வெளியிடுகின்றன. வெளியிடாதவர்களுக்கு இரண்டாவது கடிதமும் போடுங்கள்.

கல்லூரி முதல்வர் அம்மாவிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. அடுத்த வருஷம் விளையாட்டு அணிக்கு உடுப்பு எடுக்கும்போது பெரிய அளவுகளும் வேண்டும். முழுக்கை, அரைக்கை இரண்டும் வேண்டும். கேட்கிற பிள்ளைக்கு அதே துணியில் தலைத்துணியும் வேண்டும். கொட்டேஷனில் தைத்த கம்பெனியின் பெயரும், சாயம் போட்ட பட்டறையின் பெயரும் இருக்க வேண்டும். விலை கொஞ்சம் கூடும். பழைய மாணவிகள் சங்கத்துக்கு இன்றைக்கே புதிதாக உறுப்பினர்கள் சேர்ந்திருக்கிறார்கள். முதல் வசூலை அவர்களிடம் ஆரம்பிக்கலாம்.