விறகுக் கணக்கு: ஜஸ்வந்த் சிங் கால்ரா வழக்கு

அரசுப் பணத்தில் ஒரு கட்டு விறகு வாங்கினாலும் அதற்கு ரசீது வேண்டும். ரசீதைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், தணிக்கைக்குக் காட்ட வேண்டும். காலிஸ்தான் கிளர்ச்சியை ஒடுக்கிய ஆண்டுகளில் பஞ்சாபின் அமிர்தசரஸ் மாவட்டத்தில் காவல்துறை இரவும் பகலும் கொண்டுவந்து எரித்த உடல்களுக்கும் இந்த விதியிலிருந்து விலக்குக் கிடைக்கவில்லை. அநாதைப் பிணம் என்று எழுதிக் கொடுத்தால் விறகும் துணியும் நகராட்சிச் செலவு. எத்தனை உடல், எந்தக் காவல் நிலையம், கொண்டுவந்த அதிகாரி யார் என்பதெல்லாம் பதிவேட்டில் ஏறின. சில இடங்களில் இறந்தவரின் பெயரும் தகப்பன் பெயரும் ஊரும்கூட எழுதப்பட்டிருந்தன. பெயரும் ஊரும் தெரிந்த பிணம் எப்படி அநாதைப் பிணமாகும் என்று கேட்க அந்த அலுவலகங்களில் ஆளில்லை.

கேட்டவர் ஜஸ்வந்த் சிங் கால்ரா. 1952-இல் பாகிஸ்தான் எல்லையோரக் கிராமமான கால்ராவில் பிறந்தவர்; ஊர்ப்பெயர்தான் அவருக்குப் பின்னொட்டு. தாத்தா ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்த கதர் (Ghadar) புரட்சி இயக்கத்தவர். கால்ரா வங்கித் துறையில் இருந்தவர், அகாலி தளத்தின் மனித உரிமைப் பிரிவில் பொறுப்பு வகித்தவர். காணாமற்போன சக வங்கியாளர்களைத் தேடப் போனவர் துர்கியானா மந்திர், பட்டி, தரன் தாரன் ஆகிய மூன்று சுடுகாடுகளின் கணக்குகளில் வந்து நின்றார். துப்பாக்கி ஏந்தியவர்களைப் பின்தொடர்வதை விட்டுவிட்டு விறகுக் கணக்கைப் பின்தொடர்ந்ததே அவருடைய புத்திசாலித்தனம். சாட்சியை மிரட்டலாம், கலைக்கலாம். தணிக்கைக்குப் போய்வந்த பதிவேட்டை என்ன செய்ய முடியும்?

1995 ஜனவரி 16 அன்று அவரும் நண்பர்களும் இந்தத் தகவல்களைப் பத்திரிகையாளர்களிடம் வெளியிட்டார்கள். காவல்துறைத் தலைவர் கே.பி.எஸ். கில் இரண்டே நாளில் பதில் சொன்னார்: காணாமற்போனதாகச் சொல்லப்படும் இளைஞர்கள் போலிப் பெயர்களில் வெளிநாடு போய்விட்டார்களாம். உயர் நீதிமன்றத்தில் கால்ரா தரப்பு போட்ட மனுவும் நிற்கவில்லை. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் வரட்டும், மூன்றாம் மனிதரான உங்களுக்கு வழக்குத் தொடரத் தகுதியில்லை என்பது நீதிமன்றத்தின் நிலை. வாய் திறந்தால் வீட்டில் மிச்சமிருக்கும் பிள்ளையும் போய்விடும் என்று அஞ்சிக் கிடந்த குடும்பங்களைத்தான் நீதிமன்றம் அழைத்தது. சட்டம் எவ்வளவு சுத்தமாகக் கண்ணை மூடிக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

அந்த ஆண்டு கால்ரா கனடா போய், அங்கும் இதைப் பேசினார். அங்கேயே தங்கிவிடச் சொன்னவர்கள் உண்டு. திரும்பி வந்தார்.

செப்டம்பர் 6 காலை. அமிர்தசரஸ், கபீர் பார்க். வீட்டு வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்த கால்ராவைக் காவல்துறையினர் தூக்கிப் போனார்கள். அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்று காவல்துறை சாதித்தது. அவருடைய மனைவி பரம்ஜித் கௌர் உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். வழக்குத் தொடரத் தகுதியுள்ளவர் இல்லை என்று தள்ளப்பட்ட விஷயத்துக்கு இப்போது தகுதியுள்ள ஒருவர் கிடைத்துவிட்டார். கால்ராவின் ஆவணங்கள் திறக்க முடியாத கதவை அவர் காணாமற்போனது திறந்தது. 1995 நவம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம், கடத்தல், சுடுகாட்டு விவகாரம் இரண்டையும் விசாரிக்கச் சி.பி.ஐ.-க்கு உத்தரவிட்டது.

1996 டிசம்பரில் சி.பி.ஐ. கொடுத்த எண்ணிக்கை 2,097 உடல்கள். அடையாளம் முழுதும் தெரிந்தவை 585, ஓரளவு தெரிந்தவை 274, தெரியாதவை 1,238. இது பஞ்சாப் முழுமைக்குமான கணக்கு அல்ல; ஒரே மாவட்டத்தின் மூன்று சுடுகாடுகளின் கணக்கு. பெரிய அளவிலான அப்பட்டமான மனித உரிமை மீறல் என்று கூறிய உச்ச நீதிமன்றம், இதைத் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் ஒப்படைத்தது. ஆணையம் அந்த மூன்று சுடுகாடுகளுக்கு அப்பால் போக மறுத்தது. கொன்றது யார் என்ற கேள்விக்குள்ளும் போகவில்லை. காவலில் இருந்ததாக ஒப்புக்கொள்ளப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு இரண்டரை லட்சம் ரூபாய், அடையாளம் தெரிந்த மற்றவர்களின் குடும்பங்களுக்கு 1.75 லட்சம் என்று இழப்பீடு வகுத்ததோடு சரி. விறகுக் கணக்கில் தொடங்கியது ரூபாய்க் கணக்கில் முடிந்தது.

கடத்தல் வழக்கு வேறு பாதையில் போனது. தரன் தாரன் காவல் கண்காணிப்பாளராக இருந்த அஜித் சிங் சந்து, குற்றம் சாட்டப்பட்ட நிலையில் 1997-இல் ரயிலில் அடிபட்டு இறந்தார். கால்ராவுக்குச் சாப்பாடு கொடுக்க வைக்கப்பட்டிருந்த ஒரு சிறப்புக் காவலர் முன்வந்து சாட்சி சொன்னார்: ரகசியக் காவலில் வைத்துச் சித்திரவதை செய்தார்கள், 1995 அக்டோபர் இறுதியில் கொன்றார்கள், உடலை ஹரிகே அருகே நீரில் போட்டார்கள். 2005 நவம்பர் 18 அன்று பாட்டியாலா நீதிமன்றம் ஆறு காவலர்களைக் குற்றவாளிகள் என்றது. 2007-இல் உயர் நீதிமன்றம் ஒருவரை விடுவித்து, ஏழாண்டுத் தண்டனை பெற்றிருந்த நால்வருக்கு ஆயுள் தண்டனை ஆக்கியது. 2011 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. உடல் இல்லாமலே கொலை நிரூபணமானது. அவையில் இருக்கும் சட்ட மாணவர்கள் அந்தத் தீர்ப்பை முழுதும் படிக்க வேண்டும். உடல் எங்கே என்று கேட்டே தப்பிக்க நினைப்பவர்களுக்கு அது பதில்.

ஆனாலும் கணக்கு இடிக்கிறது. கால்ரா ஒருவருக்காக ஐவர் சிறைத் தண்டனை பெற்றார்கள். அவர் யாருக்காகப் பேசினாரோ அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒரு குற்றப்பத்திரிகைகூட வரவில்லை. அவருடைய கதையைச் சொல்லும் ‘பஞ்சாப் 95’ படமும் தணிக்கைச் சிக்கலில் மாட்டி, 2023-இல் டொராண்டோ திரைப்பட விழாப் பட்டியலிலிருந்து விலகிக்கொண்டது.

இன்னொரு குறை சட்டத்திலேயே இருக்கிறது. கால்ராவைக் கொன்றவர்கள்மீது கடத்தல், கொலை, சாட்சியத்தை மறைத்தல் என்ற பழைய பிரிவுகளில்தான் வழக்கு நடந்தது. ஆளைப் பிடித்துக்கொண்டு ‘எங்களிடம் இல்லை’ என்று அரசே சொல்வது இந்தியச் சட்டத்தில் தனிக் குற்றமல்ல. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படி ஒரு பிரிவு சேர்க்கப்படவில்லை. இலங்கை 2018-இல் இதற்கென்று சட்டம் இயற்றியது. அதற்கும் ஓராண்டு முன்னதாகவே காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சியில் சாலையோரம் உட்கார்ந்த தாய்மாருக்கு அதனால் பிள்ளை கிடைக்கவில்லை என்பதும் உண்மைதான். சட்டம் வந்தால் எல்லாம் வந்துவிடும் என்று இங்கே யாரும் வாதிடவில்லை. குற்றத்துக்கு ஒரு பெயராவது இருக்கட்டும் என்பதே கோரிக்கை. காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 2007 பிப்ரவரி 6 அன்று கையெழுத்திட்டது. அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.