‘ரீபில்டு’ என்னும் வினை



நம் குழந்தைகள் நாள்தோறும் வழங்கும் ‘ரீபில்டு’ என்னும் ஆங்கில வினைபற்றிச் சில சொல்ல விழைகின்றேன். தகர்ந்தொழிந்ததை மீண்டும் கட்டி எழுப்புதலே அதன் பொருள். சுவரின் விரிசலை அடைப்பது ‘ரிப்பேர்’. கொத்தனாருக்குக் கூலி மிகுந்துவிட்டால் மட்டும் அது ‘ரீபில்டு’ ஆகிவிடாது!

1964 டிசம்பர்ப் புயலில் பாம்பன் பாலத்தின் கர்டர்கள் பல கடலில் வீழ்ந்தன. பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில், வீழ்ந்தவற்றையும் மீட்டுப் பொருத்தி, 46 நாட்களில் பாலத்தைச் சீராக்கினர். இது ‘ரெஸ்டோர்’, அதாவது முன்னைய நிலைக்குக் கொணர்தல். 2025-இல் அதன் அருகே திறக்கப்பெற்ற பாலமோ முற்றிலும் புதியது.

தனுஷ்கோடிக்கு இவற்றுள் எவ்வினையும் வாய்க்கவில்லை. மக்கள் வாழத் தகாத இடமென அரசு அறிவித்தது. மாதா கோயிலின் சுவர்கள் கூரையின்றி இன்றும் நிற்கின்றன. ஆயினும் மீனவக் குடும்பங்கள் சில அம்மணலிலேயே மீண்டும் குடிசை வேய்ந்து வலை வீசின.

வாழ்வையும் ‘ரீபில்டு’ செய்ததாக ஆங்கிலத்தில் கூறலாம். நாமோ ‘மறுவாழ்வு பெற்றனர்’ என்கின்றோம். அம்மீனவர்க்கு அதனை யார் ஈந்தார், அவர்கள் பெறுவதற்கு? இவ்விடத்து ஆங்கில வினையே பொருந்துகின்றது என்பது என் துணிபு.