சிப்பிக்குள் ஒரு கணக்குப் பரிசோதனை

நான் தொழிலால் கணக்காளன், விஞ்ஞானி அல்லன். என்றாலும் இன்று பேசப்போவது ஒரு கணக்குச் சிக்கலைப் பற்றித்தான்.

1997ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இங்கே நியூ சவுத் வேல்ஸில், வாலிஸ் ஏரிச் சிப்பிகளை உண்ட 400க்கும் மேற்பட்டோருக்கு ஹெப்பற்றைற்றிஸ் ஏ என்னும் ஈரல் அழற்சி கண்டது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று 2002இல் முடிந்தது. அந்தச் சிப்பிகள் ஏரியிலிருந்து நேரே தட்டுக்கு வந்தவையும் அல்ல. சுத்தமான நீரில் 36 மணிநேரம் விட்டுக் கழிவகற்றப்பட்டவை.

பின் எப்படி நோய் வந்தது? சிப்பி தண்ணீரை வடிகட்டி உண்ணும் பிராணி. மலக்கழிவு கலந்த நீரானால் அதிலுள்ள கிருமிகளும் அதன் குடலில் சேரும். வழமையாக நாம் எண்ணிப் பார்ப்பது ஈ-கோலி என்ற பக்டீரியாவை. ஐரோப்பாவில் 100 கிராம் சதையில் 230 என்பது முதல்தர நீர்ப்பரப்புக்கான அளவுகோல். ஆனால் சுத்த நீரில் விட்டதும் ஈ-கோலி விரைவாக வெளியேறிவிடும். வைரஸோ குடலோடு ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் இருக்கும். பேரேட்டில் நிலுவை பூச்சியம், கடன் மட்டும் அப்படியே!

வைரஸையே நேரடியாகத் தேடலாமே என்பீர்கள். பீ.சி.ஆர் முறை அதைச் செய்கிறது. ஆனால் செயலிழந்த வைரஸின் மரபுப்பொருளையும் அது சேர்த்தே காட்டும். நோரோ வைரஸை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்ப்பதும் இலேசான காரியமல்ல.

இங்கேதான் பேஜ்கள் உதவிக்கு வருகின்றன. இவை பக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ்கள், மனிதருக்குத் தீங்கில்லாதவை. இவற்றில் 'எஃப்' வகைப் பேஜ்கள் கழிவுநீரில் ஏராளம். பருமனிலும் அமைப்பிலும் நோரோ வைரஸை ஒத்தவை. அதைப் போலவே சிப்பியை விட்டு மெதுவாகவே வெளியேறுபவை. பக்டீரியா படர்ந்த தட்டில் சிப்பிச் சாற்றைக் கலந்து வைத்தால், மறுநாள் உயிர்ப்புள்ள பேஜ் ஒவ்வொன்றும் ஒரு தெளிந்த வட்டமாகத் தெரியும். வெறுங்கண்ணால் எண்ணலாம். செலவும் குறைவு.

அமெரிக்க விதிகளின்படி, கழிவுநீர் உடைப்பெடுத்து மூடிய சிப்பிப் பரப்பு 21 நாள் காத்திருக்க வேண்டும். அல்லது 100 கிராமில் பேஜ் எண்ணிக்கை 50ஐத் தாண்டவில்லை என்று காட்ட வேண்டும். பேஜ் இல்லாததால் நோய் வைரஸும் இல்லையென்று சத்தியம் செய்ய முடியாதுதான். ஈ-கோலியை விட நெருங்கிய சாட்சி, அவ்வளவே.

நம்மில் மூத்தவர்கள் பச்சைச் சிப்பியின் பக்கமே போவதில்லை. பிள்ளைகள் எலுமிச்சை பிழிந்து அப்படியே விழுங்குகிறார்கள். எலுமிச்சைச் சாற்றுக்கு வைரஸ் அசையாது. இலேசாக ஆவி காட்டுவதும் போதாது, நன்றாக வேகவேண்டும்.