விற்றது வேறு, வந்தது வேறு!

(வணிகர் கூட்டமொன்றில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)

 

கணக்கு நமக்குப் புதிதன்று. குறிப்பேடு எழுதி, அதைப் பேரேட்டில் பெயர்த்து, முடிவில் ஐந்தொகை கட்டிப் பார்த்தவர்கள் நம் நகரத்தார். கடல்கடந்து பருமாவிலும் மலையாவிலும் கடை நடத்தியவர், ஊரிலிருந்த முதலாளிக்குத் தம் நேர்மையைக் கணக்கினாலேயே காட்டினர். இன்று கடை இணையத்தில் இருக்கின்றது. பேரேடு மென்பொருளில் இருக்கின்றது. இவ் விரண்டையும் இணைப்பது பற்றியே இன்று பேச வந்தேன்.

நாளொன்றுக்கு நான்கைந்து கேட்புகள் வரும்வரை, கடைப் பக்கத்தைப் பார்த்துக் கணக்கு மென்பொருளில் கையால் எழுதிவிடலாம். பொங்கலும் தீபாவளியும் நெருங்கி, நான்கு நாற்பதாகும்போது கை தளரும், எண் பிறழும், ஒன்று விடுபடும். ஆகவே இணைப்பு வேண்டுவதே. ஆனால், இணைத்தவுடன் எல்லாம் தாமே சரியாகிவிடும் என்று எண்ணி உறங்கிவிடுவோர் பலர். பொறி நாம் கற்பித்ததையே எழுதும். தவறாகக் கற்பித்தால் தவறையே விரைந்து எழுதும்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஒரு கைத்தறிப் பருத்திப் புடவையின் விலை 1,000 உருபா. கடைத்தெருவில் சி.எசு.டி. என வழங்கும் சரக்கு பணி வரி 5 விழுக்காடு. ஆக வாங்குபவர் செலுத்துவது 1,050 உருபா. இடைநின்று பணம் பெற்றுத் தரும் நிறுவனத்தின் தரகு 2 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 21 உருபா. அத் தரகின்மேல் 18 விழுக்காட்டு வரி 3 உருபா 78 காசு. இவை போக, நம் வைப்பகக் கணக்கில் வந்து விழுவது 1,025 உருபா 22 காசு.

இப்பொழுது சொல்லுங்கள்: நாம் விற்றது எவ்வளவு? 1,025 என்று எழுதுகின்றவர் உண்டு. அது பிழை. விற்றது 1,000, அரசுக்காக நாம் பெற்று வைத்திருக்கும் வரி 50, தரகுச் செலவு 21, தரகின்மேற் கட்டிய 3 உருபா 78 காசு, முறையாகப் பதிவுபெற்ற வணிகர் தம் வரியில் கழித்துக்கொள்ளத்தக்க உள்ளீட்டு வரி. நான்கும் நான்கு கணக்குகள். விற்றது வேறு, வந்தது வேறு!

இதனினும் பெரும்பிழை ஒன்றுண்டு. கேட்பு வந்தபோது இணைப்பு மென்பொருள் 1,050-ஐ எழுதும். மூன்று நாள் கழித்து வைப்பகத்தில் பணம் விழுந்தபோது, அதையும் புது வரவென்று மற்றொருவர் எழுதுவார். ஒரே புடவை இருமுறை விற்றதாகிவிடும். இல்லாத விற்பனைக்கு வரியுங் கட்ட நேரும்.

இதற்கு வழி எளிது. இடைக்கணக்கு ஒன்று திறவுங்கள். விற்றவுடன் 1,050 அதன் பற்றில் ஏறட்டும். பணம் வந்தவுடன் வைப்பகம், தரகு, உள்ளீட்டு வரி ஆகிய மூன்றுக்கும் அதனைப் பிரித்துக் கழியுங்கள். முழுதும் தீர்ந்த கேட்புக்கு அங்கே மீதி இராது. மீதி நின்றால், பணம் இன்னும் வரவில்லை, அல்லது எங்கோ பிழை நேர்ந்துள்ளது என்று அறிக.

பெரிய இணையச் சந்தைகளின் வழியாக விற்போர் இன்னும் விழிப்பாக இருத்தல் வேண்டும். அச் சந்தைகள் வரிக்குரிய மதிப்பில் ஒரு பகுதியை முன்னரே பிடித்து அரசிடம் கட்டுகின்றன. 2018 அக்தோபரில் 1 விழுக்காடாகத் தொடங்கிய அப் பிடித்தம், 2024 சூலை 10 முதல் அரை விழுக்காடு. நம் புடவைக்கு 5 உருபா. அது நம் பணம். கணக்கில் எழுதாதவன் அதைக் கேட்டுப் பெறவும் மறப்பான்.

இனி, இணைப்பின் நுட்பங்கள் சில.

முதலாவது, விலைச்சீட்டு எண். கடையும் ஓர் எண் இடும். கணக்கு மென்பொருளும் ஓர் எண் இடும். இரண்டில் எது விலைச்சீட்டு எண் என்பதை முதல்நாளே முடிவு செய்க. வரிச்சட்ட விதிப்படி அவ் வெண் 16 எழுத்துகளுக்கு மேற்படலாகாது. ஒரு நிதியாண்டுக்குள் மீண்டும் வரலாகாது.

இரண்டாவது, வாங்குபவரின் மாநிலம். சேலத்திலிருந்து மதுரைக்குப் போனால் 50 உருபா வரி நடுவணரசுக்கும் மாநிலத்துக்குமாக இருபத்தைந்தாகப் பிரியும். பெங்களூருக்குப் போனால் ஒருங்கிணைந்த வரியாக ஒரே தலைப்பில் ஏறும். மாநிலப் பெயர் இணைப்பில் விடுபட்டால் வரித்தலைப்பே மாறிவிடும்.

மூன்றாவது, ஒரே செய்தி இருமுறை வருதல். மறுமொழி கிட்டாதபோது இணைப்பு மீண்டும் அனுப்பும். ஆகவே கேட்பு எண்ணை அடையாளமாகக் கொண்டு, முன்னரே எழுதியதை மீண்டும் எழுதாதிருக்கச் செய்க. டேலி போன்ற மென்பொருள் கடைக் கணினியில் இருந்தால், இரவில் அது அணைந்திருக்கும். வந்த கேட்புகளை விடியும்வரை காத்து வைத்து, பின் எழுதும் இணைப்பே வேண்டும்.

நான்காவது, திறவுகோல். இணைப்புக்காகக் கடை மென்பொருள் தரும் மறைச்சொல்லைப் படிக்க மட்டும் உரிமையுள்ளதாக வாங்குக. கணக்கெழுத வந்தவனுக்குக் கடையின் விலையை மாற்றும் உரிமை எதற்கு?

ஐந்தாவது, திரும்பி வந்த சரக்கு. பழைய பதிவை அழிக்காதீர். வரவுக் குறிப்பு எழுதி ஈடு செய்க. நிறுமங்களாகப் பதிந்தோர், ஒவ்வொரு திருத்தத்தின் தடத்தையும் காக்கும் மென்பொருளையே 2023 ஏப்பிரல் 1 முதல் பயன்படுத்த வேண்டும் என்பது சட்டம்.

தோழர்களே! இத்தனையும் வரி அதிகாரிக்கு அஞ்சி மட்டும் சொல்லவில்லை. வந்ததையே விற்றதாக எழுதும் கடையில், தரகுக்கும் விடுப்புச் செலவுக்கும் திரும்பிய சரக்குக்கும் எவ்வளவு போயிற்று என்பது தெரியவே தெரியாது. ஆண்டிறுதியில் கையிருப்புக் குறையும். அப்போது கண்ணுக்குத் தெரியும் செலவு ஒன்றே ஒன்று: நெய்தவன் கூலி. அதில் கை வைப்பான். தறியில் நாட்கணக்காக அமர்ந்து நெய்தவன், தான் காணாத தரகுக்காகத் தன் கூலியை இழப்பான். கணக்கைச் சரியாகப் பிரித்து எழுதிய கடையோ, குறைக்கவேண்டிய இடம் எது என்பதை அறியும்.

எனவே, இன்று வீடு திரும்பியதும் சென்ற மாதத்து ஒரே ஒரு கேட்பை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் கட்டியது முதல் வைப்பகத்தில் விழுந்தது வரை, ஒவ்வொரு காசும் எந்தக் கணக்கில் நிற்கின்றது என்று தேடுங்கள். ஒரு காசேனும் கிடைக்கவில்லையாயின், உங்கள் இணைப்பு இன்னும் முடியவில்லை.