ஒரு புள்ளியும் இரண்டு கோடுகளும்

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நைட் டூட்டி முடிந்து வந்து கொஞ்சம்தான் தூங்கியிருக்கிறேன், குரல் கம்மினால் பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டற்ற மென்பொருள்களின் கையேடுகளில் எழுத்துப்பிழை திருத்துவதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் நம் நண்பர் ஒருவர், "இதில் இலக்கியம் எங்கே இருக்கிறது சிஸ்டர்?" என்று கேட்டார். பேசி முடித்த பிறகு நீங்களே அவருக்குப் பதில் சொல்லுங்கள்.

முதலில் ஒரு பழைய கதை. 2003-இல் நான் ஜி.என்.எம். டிப்ளமோ முடித்து, ஊரில் ஒரு மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அங்கே இன்சுலின் பம்ப் வைப்பதற்கான குறிப்பு ஒன்று சுவரில் ஒட்டியிருந்தது. ஒரு மில்லிக்கு ஒரு யூனிட் என்று கலக்க வேண்டும், மணிக்கு 1.0 மில்லியில் தொடங்க வேண்டும். அந்தத் தாள் ஜெராக்ஸின் ஜெராக்ஸின் ஜெராக்ஸ். எந்தப் பிரதியிலோ நடுப்புள்ளி அழிந்துபோய் 1.0 என்பது 10 ஆகிவிட்டது. சேர்ந்த முதல் வாரமே நான் அதைக் கவனித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்தேன். அதைவிட, நேற்று வந்த டிப்ளமோக்காரி சுவரில் இருப்பதைத் தப்பு என்று சொல்வதா என்ற பயம். ஒரு மாதம் போனதும் அது என் கண்ணிலேயே படவில்லை. தாளில் 10 இருந்தது, நான் 1 என்று வாசித்தேன்.

மூன்று மாதம் கழித்து இன்னொரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். தாளில் இருந்ததை அப்படியே வாசித்து, பம்பில் 10 என்று வைத்தாள். பத்து நிமிடத்தில் சீனியர் சிஸ்டர் பார்த்துவிட்டார்கள். பம்பை நிறுத்தி, குளுக்கோஸ் ஏற்றி, இரவு முழுக்கச் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. கடவுள் கிருபை. ஆனால் எல்லார் முன்னாலும் அந்தப் பெண்தான் திட்டு வாங்கினாள். "தாள்லயே அப்படித்தான் இருந்துது" என்று அவள் அழுதபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள்.

அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 2004-இல் 'இப்படி எழுதாதீர்கள்' என்று ஒரு பட்டியல் போட்டது. முழு எண்ணுக்குப் பிறகு புள்ளியும் பூஜ்யமும் போடாதீர்கள், வெறும் 1 என்றே எழுதுங்கள் என்பது அதில் ஒன்று. புள்ளி அழிந்தால் அளவு பத்து மடங்காகிவிடும் என்பதுதான் காரணம். பின்னாளில் அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பெண்ணின் முகம்தான் ஞாபகம் வந்தது.

இனி மென்பொருளுக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் என் கதைகளை மின்னூலாக்க ஆசைப்பட்டேன். இலவசமான ஒரு கட்டற்ற மென்பொருள் கிடைத்தது. அதன் கையேட்டில் இருந்த கட்டளையைப் பிரதி எடுத்துப் போட்டால், பிழை என்று வருகிறது. இரண்டு இரவு போராடினேன். எனக்குத்தான் கம்ப்யூட்டர் வராது என்று முடிவுகட்டும் நேரத்தில், எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு சிறு கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீளக் கோடு இருந்தது. நாம் எழுதும் செயலிகள் இரண்டு சிறு கோடுகளை அடித்தால் அழகுக்காகத் தாமாகவே ஒரே நீளக் கோடாக மாற்றிவிடும். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு அப்படி இல்லை. தெரிந்தவர்கள் யாரும் அதைப் பிரதி எடுக்க மாட்டார்கள், கையாலேயே அடித்துவிடுவார்கள். புதிதாக வருகிறவர்தான் தடுக்கி விழுவார். சுவரில் ஒட்டியிருந்த அந்தத் தாளேதான் இது.

இந்தத் தடவை நான் சும்மா இருக்கவில்லை. அந்தப் பக்கத்திலேயே பென்சில் படம் ஒன்று இருந்தது. அதை அழுத்தினால் அந்தக் கோப்பின் பிரதி ஒன்று நம் கணக்கில் வந்துவிடுகிறது. திருத்திவிட்டு, ஏன் திருத்தினோம் என்று ஒரு வரி எழுதி அனுப்பலாம். இதற்குப் பெயர் புல் ரிக்வெஸ்ட். அந்த மென்பொருளைப் பராமரிப்பவர் பார்த்து ஏற்பார், அல்லது மறுப்பார். என் இரண்டு கோடுகளை மறுநாளே ஏற்றுக்கொண்டு நன்றி சொல்லியிருந்தார்கள். முதல் கதை அச்சில் வந்தபோது இருந்த சந்தோஷத்துக்கு அது குறைந்ததில்லை.

திருத்தத்தைக் காட்டும் விதம்தான் என்னை அங்கே நிறுத்தியது. பழைய வரி சிவப்பில் கழித்தல் குறியோடும், புதிய வரி பச்சையில் கூட்டல் குறியோடும் மேலும் கீழுமாக நிற்கும். யார், என்றைக்கு, எதற்காக என்ற விவரமும் கூடவே இருக்கும். எங்களுக்கு நர்ஸிங் முதல் வருடத்தில் சொல்லித்தருவதும் இதைத்தான். சார்ட்டில் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. படிக்கும்படியாக ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி, நேரம், கையெழுத்து. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய 'கிட்' என்னும் கருவியும் எங்கள் வார்டு ஒழுங்கைத்தான் வைத்திருக்கிறது. ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் யார் என்று காட்ட அதில் ஒரு கட்டளை உண்டு. அதன் பெயர் 'பிளேம்', அதாவது பழி. எனக்கு அது கையெழுத்தாகத்தான் தெரிகிறது.

நம் உ.வே.சாமிநாதையர் பதிப்புகளில் அடிக்குறிப்பாகப் 'பி-ம்' என்று போட்டுப் பிரதிபேதங்களைக் கொடுத்திருப்பார். தாம் ஏற்காத பாடத்தையும் வாசகனுக்குத் தெரியாமல் மறைக்கவில்லை. நல்ல திருத்தம் என்பது அப்படித்தான் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் திருத்திவிடலாமா என்றால், கூடாது. நானே ஒரு தடவை சூடு பட்டேன். ஒரு கையேட்டில் 'ரெஃபரர்' என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவே இரண்டு 'ஆர்' வருவதற்குப் பதில் ஒன்றுதான் இருந்தது. ஆர்வமாகத் திருத்தி அனுப்பினேன். மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறோம் என்று உலாவி சொல்லும் அந்தத் தலைப்பு, 1996-இல் வெளிவந்த எச்.டி.டி.பி. ஆவணத்திலேயே பிழையான எழுத்தோடுதான் பதிவாகியிருக்கிறது. அதற்குள் சர்வர்களும் உலாவிகளும் அந்த எழுத்துக்குப் பழகிவிட்டன. இன்று அதைத் திருத்தினால் பேச்சே அறுந்துபோகும். அதனால் பிழையாக எழுதுவதுதான் அங்கே சரி. சந்தேகம் வந்தால் முதலில் கேட்க வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

இன்னொரு ஆபத்து, பெருமைக்காகத் திருத்துவது. ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்று அக்டோபர் மாதந்தோறும் ஒரு நிகழ்வு உண்டு. அப்போது நாலு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் தந்தார்கள். 2020-இல் அதற்காகவே ஏராளமானோர் அர்த்தமில்லாத மாற்றங்களை அனுப்பிக் குவித்தார்கள். சம்பளமில்லாமல் பராமரிக்கிறவர்கள் குப்பை அள்ளியே ஓய்ந்தார்கள். பிறகு, சம்மதம் சொன்ன திட்டங்களுக்கு அனுப்புவதை மட்டுமே கணக்கில் எடுப்போம் என்று விதியை மாற்றினார்கள். நோயாளியைப் பார்க்காமலே சார்ட்டில் கையெழுத்துப் போடுகிறவர்களை எங்கள் தொழிலிலும் பார்த்திருக்கிறேன்.

"ஒரு எழுத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு உண்மைச் சம்பவம். 2011-இல் 'பம்பிள்பீ' என்ற லினக்ஸ் மென்பொருளை நிறுவும் நிரலில், ஒரு கோப்புப் பாதையின் நடுவே தவறுதலாக ஒரு இடைவெளி விழுந்துவிட்டது. ஒரு சிறு கோப்புறையை நீக்க வேண்டிய கட்டளை, கணினியின் 'யு.எஸ்.ஆர்.' கோப்புறையை முழுசாக நீக்கியது. அதில்தான் பெரும்பாலான நிரல்கள் இருக்கும். காரணம் ஒரே ஒரு வெற்றிடம்.

கடைசியாக உங்களிடம் ஒரு விண்ணப்பம். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நீங்கள் ஒரு நாவலில் ஒற்று விட்டுப்போனால் பென்சிலால் குறித்துவைக்கிறவர்கள். லிப்ரே ஆபிஸ், ஃபயர்ஃபாக்ஸ் போன்றவை தமிழிலும் கிடைக்கின்றன. தன்னார்வலர்கள் தூக்கத்தைக் கெடுத்துச் செய்த மொழிபெயர்ப்பு அது. பிழை கண்டால் முகநூலில் போட்டுச் சிரிக்க வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸ் மொழிபெயர்ப்புக்குப் 'பான்டூன்' என்ற தளம் இருக்கிறது, விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கிக்கு 'டிரான்ஸ்லேட்விக்கி' இருக்கிறது. அங்கே போய்ச் சரியான சொல்லைப் பரிந்துரையுங்கள். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. வாசிக்கத் தெரிந்தால் போதும்.

அதையும் நீங்கள் புதியவராக இருக்கும்போதே செய்யுங்கள். ஒரு மாதம் போனால் உங்கள் கண்ணும் பழகிவிடும், 10 என்று இருப்பதை 1 என்று வாசிக்கத் தொடங்கிவிடுவீர்கள். அப்புறம் உங்களுக்குப் பின்னால் வருகிறவள்தான் மாட்டிக்கொள்வாள்.

அன்று வேலையை விட்டுப்போன அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அந்தப் புள்ளியை நான் முதல் வாரமே பார்த்தேன் என்பதை இன்றுதான் வெளியே சொல்கிறேன். அழிக்காமல், ஒரு கோடு மட்டும் போட்டு, பக்கத்தில் என் கையெழுத்தையும் வைத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள்.