ஒரே அச்சு, பல பெயர்



நான் பல வருடம் ஃபைபர் படகுப் பட்டறையில் வேலை செய்தவன். படகு வாங்குவதைப் பற்றி இன்று பேசச் சொன்னார்கள்.

நம் சோழமண்டலக் கரையில் முன்பு கட்டுமரம்தான் அதிகம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. ஆயிரக்கணக்கான மரங்களும் படகுகளும் போயின. அதன் பிறகு ஃபைபர் படகுகள் பெருகின. புதுப் பட்டறைகள் பல முளைத்தன. அவசரத்தில் கட்டிய படகுகள் சில தரமாக இல்லை.

ஃபைபர் படகை எப்படிச் செய்கிறார்கள்? இட்லித் தட்டைப் பார்த்திருக்கிறீர்கள். குழி எப்படியோ, இட்லியும் அப்படி. படகுக்கும் அச்சு உண்டு. அச்சில் முதலில் மெழுகு தடவுவோம். ஜெல்கோட் என்ற வண்ணப் பூச்சு பூசுவோம். அதன்மேல் கண்ணாடி இழைப் பாயை விரிப்போம். ரெசினில் ஹார்டனர் கலந்து பாய் நனையத் தடவுவோம். உருளையால் அழுத்திக் காற்றை வெளியேற்றுவோம். இப்படி அடுக்கடுக்காகப் போட வேண்டும். இறுகியதும் கழற்றினால் படகு தயார்.

அச்சு எங்கே கிடைக்கிறது? ஓடுகிற நல்ல படகு ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேலேயே அச்சு எடுத்துவிடலாம். அதனால்தான் பல பட்டறைகளின் படகுகள் ஒரே உருவத்தில் இருக்கின்றன. பக்கத்தில் எழுதும் பெயர் மட்டும் வேறு.

ஒருமுறை என் அண்ணன் படகு வாங்கப் போனார். நானும் கூடப் போனேன். இரண்டு பட்டறையில் இரண்டு படகு பார்த்தோம். பெயர் வேறு, விலையும் வேறு. ஆனால் இரண்டிலும் அமரத்தின் அடியில், ஒரே இடத்தில், விரல் நீளத்துக்கு ஒரு வடு இருந்தது. அது அச்சில் இருந்த கீறல். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்!

“அண்ணே, பெயருக்கு ஏன் காசு கொடுக்கிறீர்கள்? மலிவானதை வாங்குங்கள்” என்றேன். அண்ணன் வாங்கினார்.

எட்டாவது மாதம், கரை ஏறும்போது பெரிய அலை தூக்கி அடித்தது. படகின் அடி பிளந்தது. நாலு பேர் நீந்தி உயிர் பிழைத்தார்கள். இயந்திரம் போனது. கடன் மட்டும் மிஞ்சியது.

பிளந்த இடத்தைப் பார்த்தேன். அடுக்குகள் குறைவு. ரெசின் நனையாத பாய் வெள்ளையாகத் தெரிந்தது. அச்சு உருவத்தைத்தான் தரும், பலத்தைத் தராது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று உள்ளே பார்க்காமல் பேசினேன். அந்தத் தவறு என்னுடையது.

ஆகவே, பெயரைப் பார்த்தும் வாங்காதீர்கள்; உருவத்தைப் பார்த்தும் வாங்காதீர்கள். எத்தனை அடுக்குப் பாய் என்று கேளுங்கள். மணலில் இழுபடும் அடிப்பகுதிக்குக் கூடுதல் அடுக்கு உண்டா என்று கேளுங்கள். கவிழ்ந்தாலும் மிதக்க நுரைக்கட்டை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வரும் இடத்தைச் சந்தேகப்படுங்கள். முடிந்தால் பாய் போடும் நாளில் பட்டறைக்கே போய் நில்லுங்கள்.

அவர்கள் சொன்னதை எல்லாம் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். தாய்மார்களே, கடன் பத்திரத்தில் நீங்களும் கையெழுத்துப் போடுகிறீர்கள். அந்த ரசீதை நீங்களே ஒரு முறை வாசியுங்கள். அந்தப் படகில்தான் நம் வீட்டுப் பிள்ளைகள் கடலுக்குப் போகிறார்கள்.