எரிபொருள் வரி லயத்துக்கும் வருகிறது

(வலப்பனையில் தோட்டத் தலைவர்கள், தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்மிடம் காரும் இல்லை, லொறியும் இல்லை. பெற்றோல், டீசல் வரியைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். பஸ்ஸில் ராகலைக்குப் போகிறோம். அவசரத்துக்கு ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். கடையில் வாங்கும் மாவும் பருப்பும் கொழும்பிலிருந்து லொறியில் மலையேறித்தான் வருகின்றன. இவை எல்லாவற்றிலும் டீசல் இருக்கிறது; டீசலில் வரி இருக்கிறது. ரசீதில் எழுதாததால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

அதிவேக நெடுஞ்சாலையில் போகிறவர் கட்டணம் கட்டுகிறார். இப்போது அதை கார்ட்டிலும் கட்டலாம். வேண்டாம் என்றால் பழைய வீதியில் போகலாம். நமக்கு அப்படி வேறு வீதி உண்டா? எரிபொருள் வரியில் முதலாளிக்கும் கொழுந்து பறிப்பவருக்கும் லீற்றருக்கு ஒரே தொகைதான். வருமானம் எவ்வளவு என்று அந்த வரி கேட்பதில்லை.

2021 டிசம்பரில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபா. 2022 ஜூன் கடைசியில் 460 ரூபா. அப்போது நமது நாட்சம்பளம் 1000 ரூபா. அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்குப் போனது. அது வரி அல்ல, மானியத்தை நிறுத்தியது என்றார்கள். பெயர் எதுவானாலும் காசு போனது நம் மடியிலிருந்துதான். 2024 ஜனவரி 1 முதல் பெற்றோல், டீசலுக்கும் 18 வீத வற் வரி வந்தது. இதைத் தவிர, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் பழைய கடனை அடைக்க லீற்றருக்கு 50 ரூபா அறவிடப்படுவதாக அரசாங்கமே சொன்னது. அந்தக் கடனை வாங்கியது லயத்து மக்களா?

வரியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இலவச ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் வரியில்தான் நடக்கின்றன. யாரிடம், எவ்வளவு எடுப்பது என்பதுதான் நமது கேள்வி.

எதிர்ப்புக்கு இந்த நாட்டில் பெரிய விலையும் கொடுத்திருக்கிறார்கள். 2012 பெப்ரவரியில் சிலாபத்தில் எரிபொருள் விலை உயர்வை எதிர்த்துப் போராடிய மீனவர் ஒருவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். 2022 ஏப்ரலில் றம்புக்கனையில் இன்னோர் உயிர் போனது. ஆனாலும் மீனவர்கள் விடவில்லை. தங்கள் படகுக்கு எவ்வளவு எண்ணெய் போகிறது என்று கணக்கோடு பேசினார்கள், மானியமும் பெற்றார்கள். நம்மிடம் அந்தக் கணக்கு இல்லை. சம்பளப் பேச்சில் கம்பனிகள் எரிபொருளை உற்பத்திச் செலவில் சேர்த்துத்தான் காட்டுகின்றன. நமது பஸ் காசு எவருடைய கணக்கிலும் ஏறுவதில்லை.

ஆகவே ஒவ்வொரு தோட்டத்திலும் பத்துக் குடும்பங்களைத் தெரிவு செய்யுங்கள். பஸ், ஓட்டோ, மண்ணெண்ணெய் ஆகியவற்றுக்கு ஒரு மாதம் போன காசைப் பிள்ளைகளின் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். மண்ணெண்ணெய்க்கு நேரடி மானியம், பள்ளிப் பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் பஸ் சலுகை, எரிபொருள் நிலையத்தில் விலையோடு வரியையும் எழுதிப் போடுவது ஆகிய கோரிக்கைகளோடு, வரவு செலவுத் திட்டத்துக்கு முன்பே அந்தக் கணக்கைப் பிரதேச செயலகத்திலும் நமது பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் கொடுப்போம். தலைவிமார் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கொப்பிகளைக் கையோடு கொண்டுவாருங்கள்.